மஜ்ஜையிலிருந்து மாத்திரைக்கு: நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் மருத்துவம் கடந்து வந்த பாதை



இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலரின் வாயிலிருந்து அடுத்து வரும் சொல் ‘எலும்பு மஜ்ஜை மாற்று’ என்பதாகும். நோயாளியின் நிழற்படம், வங்கிக் கணக்கு எண், சிகிச்சைக்கு இத்தனை ஆயிரம் ரிங்கிட் தேவை என்ற வேண்டுகோள் ஆகியவற்றை நாளிதழ்களில் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகியதால் இவ்விரண்டும் நம் மனத்தில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. பள்ளிகளில் நன்கொடை திரட்டும் பேச்சு எழும்போதும், எந்த வகைப் புற்றுநோய் என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்த வினாவுக்குரிய விடையைப் பொறுத்தே மற்ற அனைத்தும் மாறிவிடுகின்றன. ஒரு வகை நோயில் இன்றும் மஜ்ஜை மாற்றுதான் உயிர்காக்கும் வழி. வேறொரு வகையில் அது முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குச் சென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த இடமாற்றத்தின் வரலாறே இக்கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். இரத்தப் புற்றுநோயைத் தீவிர வகை, நாட்பட்ட வகை என இரண்டாகப் பிரிப்பர். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் தீவிர வகையே. அது வாரக் கணக்கில் முற்றும். அதற்குரிய மருத்துவமும் வேறு. நாட்பட்ட வகையிலும் இரண்டு உண்டு. மைலாய்டு என்னும் வகை மஜ்ஜையிலுள்ள வெள்ளையணுக்களின் ஒரு பிரிவில் தோன்றுவது. லிம்ஃபோசைட் வகை நிணநீர் அணுக்களில் தோன்றுவது. பின்னது பெரும்பாலும் முதியோரைத் தாக்கும். ஐரோப்பியரைவிட ஆசியரிடையே மிகவும் குறைவு. ஆகவே, நான் இங்கு மிகுதியாகப் பேசப்போவது நாட்பட்ட மைலாய்டு வகையைப் பற்றியே. ஓராண்டில் ஓர் இலட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்நோய் புதிதாகத் தோன்றுகிறது. பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே வரும் நற்செய்திகள் எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் பொருந்தா.

1845-ஆம் ஆண்டு எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பென்னட், பெர்லினில் ருடோல்ஃப் விர்ஹோ ஆகிய இரு மருத்துவர்களும் தனித்தனியே இந்நோயைப் பதிவு செய்தனர். இறந்த நோயாளியின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுந்து கிடந்ததைக் கண்ட விர்ஹோ, அதனை ‘வெள்ளை இரத்தம்’ என்றே குறிப்பிட்டார். அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. ஆர்செனிக் கரைசல் கொடுத்தார்கள். வீங்கிய மண்ணீரலுக்குக் கதிர்வீச்சுப் பாய்ச்சினார்கள். 1950-களில் புசல்ஃபான் என்ற மாத்திரையும், பின்னர் ஹைட்ராக்ஸியூரியாவும் வந்தன. இவை யாவும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. நோயாளி வேலைக்குச் சென்று வந்தார். குடும்பம் நிம்மதி கொண்டது. ஆயினும் நோய் உள்ளே தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. சராசரியாக நான்கைந்து ஆண்டுகளில் அது திடீரென்று முற்றிய கட்டத்தை அடையும். அதன் பிறகு மாதங்களே மிஞ்சும். நாட்பட்ட நோய் என்ற பெயர் இவ்வகையில் ஓர் ஏமாற்றுப் பெயர்தான்.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் இந்நோயாளிகளின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்திற்கு மாறாகக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அதற்கு அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. 1973-இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு துண்டும் இருபத்திரண்டாம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. இரு புத்தகங்களின் பக்கங்களைக் கிழித்து மாற்றி ஒட்டியது போல, அங்கே தொடர்பில்லாத இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு புதிய வாசகம் உருவாகிறது. அந்த வாசகம் உயிரணுவுக்கு ‘பெருகு, பெருகு’ என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. அன்று இக்கண்டுபிடிப்பால் எந்த நோயாளிக்கும் மருந்து கிடைக்கவில்லை. ஆனால் ஓர் அடையாளம் கிடைத்தது. சிகிச்சைக்குப் பின் அந்தக் குட்டைக் குரோமோசோம் மறைந்ததா, இல்லையா என்று பார்த்தால் போதும். நோய் அடங்கியதா, வெறும் எண்ணிக்கை மட்டும் குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் மஜ்ஜை மாற்று வரலாற்றில் நுழைகிறது. இதனைப் பலர் அறுவைச் சிகிச்சை என்று எண்ணுகிறார்கள். நாளிதழ்களும் அவ்வாறே எழுதுகின்றன. நோயாளியைப் பொறுத்தவரை இதில் கத்தியே இல்லை. கடுமையான மருந்தாலும் கதிர்வீச்சாலும் அவருடைய மஜ்ஜை முழுவதும் அழிக்கப்படுகிறது. பின்னர்க் கொடையாளியின் மஜ்ஜை, இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பின் வழியாக ஏற்றப்படுகிறது. அதிலுள்ள குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், தாமாகவே எலும்புகளுக்குள் சென்று குடியேறிப் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. டொனால் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950-களின் பிற்பகுதியில் இதனைத் தொடங்கினார். தொடக்க கால நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1960-களில் பல மருத்துவர்கள் இம்முயற்சியையே கைவிட்டனர், தாமஸ் விடவில்லை. 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் உருவாக்கிய சியாட்டல் குழுவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபெஃபரும் அவர்தம் துணைவரும் 1979-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். நாட்பட்ட மைலாய்டு நோய் கொண்ட நால்வருக்கு, அவரவருடைய ஒத்த இரட்டையரின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. நால்வரிடமும் பிலடெல்பியா குரோமோசோம் மறைந்தது. நால்வர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் விர்ஹோவின் காலத்திலிருந்து 134 ஆண்டுகளாக எவரும் காணாத காட்சி அது. இந்நோயைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு முதல் சான்று மஜ்ஜை மாற்றிலிருந்தே வந்தது. பின்னாளில் மாத்திரை அதன் இடத்தைப் பிடித்தபோதும் இச்சிறப்பை எவரும் மறுக்கவில்லை.

எல்லாருக்கும் இரட்டையர் இருப்பதில்லை. அடுத்த நிலையில் உடன்பிறந்தோர். நம் உயிரணுக்களின் மேல் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளங்கள் உள்ளன. தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி எனப் பிள்ளைக்கு இரண்டு தொகுதிகள் கிடைக்கின்றன. தந்தையிடம் இரண்டு, தாயிடம் இரண்டு இருப்பதால் நான்கு சேர்க்கைகள் பிறக்கும். எனவே ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆறாம் ஆண்டில் பின்னம் போதிக்கும் ஆசிரியர்கள் இதற்கு மேல் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் பொருந்தாமல் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று. இருவர் இருந்தால் இருவருமே பொருந்தாமல் போவது பதினாறில் ஒன்பது. ஆகவே ஒருவராவது பொருந்துவது 44 விழுக்காடு. ஐந்து உடன்பிறப்புகள் இருந்தால் அது 76 விழுக்காடாக உயரும். தோட்டங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்த நம் முந்தைய தலைமுறைக்கு இந்தக் கணக்கு சாதகமாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள இன்றைய வீடுகளில் நிலைமை வேறு; நோயுற்ற பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே ஓர் உடன்பிறப்பு, 25 விழுக்காடு.

பொருத்தம் இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. புதிதாகக் குடியேறிய கொடையாளியின் தற்காப்பு அணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றை அந்நியமாகக் கருதித் தாக்கும். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இதனை ஓரளவு கட்டுப்படுத்தியது. ஆனால் அந்தத் தாக்குதலிலேயே ஒரு நன்மையும் ஒளிந்திருந்தது. ஒத்த இரட்டையரிடம் மஜ்ஜை பெற்றவர்களுக்கு இத்தாக்குதல் நேரவில்லை. ஆனால் அவர்களிடமே நோய் அதிகமாகத் திரும்பியது. அப்படியானால், எஞ்சிய புற்றணுக்களைத் தேடி அழித்தது கொடையாளியின் தற்காப்புப் படையே அன்றோ? 1990-இல் மியூனிக் நகரின் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் இதனை உறுதிப்படுத்தினார். மாற்றுக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு அவர் மீண்டும் கொடையாளியின் வெள்ளையணுக்களை மட்டும் ஏற்றினார், நோய் அடங்கியது. மனிதனின் சொந்தத் தற்காப்பாற்றல் புற்றுநோயை வெல்லக்கூடும் என்பதற்கு மருத்துவ உலகம் கண்ட தெளிவான சான்றுகளுள் இது ஒன்று. என்னைக் கேட்டால், மஜ்ஜை மாற்றின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

நம் வட்டாரத்திற்கு இச்சிகிச்சை வந்தது 1980-களில். 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1985-இல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1987-இல் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் முதல் மஜ்ஜை மாற்றுகள் நடைபெற்றன. இவை தீவிர இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்காகத் தொடங்கப்பட்டவை. நாட்பட்ட நோயாளிகள் பின்தொடர்ந்தனர். 2000-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் மலேசியக் குருத்தணுக் கொடையாளர் பதிவேடு தொடங்கப்பட்டது. 2006-இல் திறக்கப்பட்ட அம்பாங் மருத்துவமனை பின்னர் நாட்டின் இரத்த நோய் மையமாக வளர்ந்தது. ஜொகூர் பாருவிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் அருகில்தான்; ஆனால் அங்கே கட்டணம் வேறு நாணயத்தில்.

1990-களில் ஒரு நாட்பட்ட நோயாளியின் முன் வைக்கப்பட்ட தேர்வை நினைத்துப் பாருங்கள். முப்பத்தைந்து வயது, உடல் நன்றாகவே இருக்கிறது, மாத்திரையில் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. பொருந்தும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மருத்துவர், நோய் தெரிந்த முதல் ஓராண்டுக்குள் மாற்றுச் செய்தால்தான் பலன் அதிகம் என்கிறார். செய்தால் பாதிக்கு மேற்பட்டோர் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆனால் ஐவரில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேலானோர், சிகிச்சையின் பின்விளைவாலேயே இறக்கின்றனர். செய்யாவிட்டால் இன்னும் நான்கைந்து ஆண்டு நிச்சயம். அதற்குப் பின் முடிவும் நிச்சயம். நன்றாக நடமாடும் ஒருவரை, பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும் காலத்தில், இந்தச் சூதில் இறங்கச் சொல்வது எளிதா? இன்டர்ஃபெரான் என்ற ஊசிமருந்து 1980-களில் வந்து சிலருக்கு உதவியது. பலரால் அதன் காய்ச்சலையும் சோர்வையும் தாங்க முடியவில்லை. அக்காலத்தில் உலகில் பிறரிடமிருந்து மஜ்ஜை பெற்றுச் செய்யும் மாற்றுகளுக்கு முதன்மைக் காரணமாக இருந்தது இந்த நாட்பட்ட மைலாய்டு நோயே.

பிலடெல்பியாவில் கிடைத்த அந்தப் பழைய அடையாளம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மருந்தாக மாறியது. மாற்றி ஒட்டப்பட்ட அந்த வாசகம் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அப்புரதத்தின் ஓர் இடுக்கில் சென்று அமர்ந்து அதனைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருளை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நிக்கலஸ் லைடன் முதலானோர் உருவாக்கினர். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த பிரையன் டிரக்கர் அதனை நோயாளிகளிடம் சோதிக்க வேண்டுமென்று விடாது வற்புறுத்தினார். 1998 ஜூன் மாதம் முதல் நோயாளி மாத்திரையை விழுங்கினார். 2001-இல் வெளிவந்த முடிவின்படி, போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை முழுமையாகச் சீரடைந்தது. அவ்வாண்டு மே 10-ஆம் நாள் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. அதுவே இமாட்டினிப், கிளிவெக் என்பது வணிகப் பெயர். 1106 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், இம்மருந்தில் தொடங்கியவர்களுள் ஏறக்குறைய 83 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்.

மஜ்ஜை மாற்றின் வரைபடம் இந்த இடத்தில் செங்குத்தாகச் சரிகிறது. 1999-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த நாட்பட்ட நோயாளிகளின் மாற்றுகள் அடுத்த சில ஆண்டுகளிலேயே மிகக் குறைந்துவிட்டன. இவ்வளவு விரைவாக ஒரு பெருஞ்சிகிச்சை தன் இடத்தை விட்டுக்கொடுத்தது மருத்துவத்தில் அரிது.

ஆனால் இது செல்வ நாடுகளின் கதை. இந்தியாவில் கிளிவெக்கின் விலை அப்போது மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. அதாவது ஆண்டுக்கு 14 இலட்சத்திற்கு மேல், அதுவும் வாழ்நாள் முழுவதும். மஜ்ஜை மாற்றோ ஒருமுறைச் செலவு. எனவே 2000-களின் தொடக்கத்தில், வளரும் நாடுகளில் மாற்றுதான் சிக்கனம் என்று வாதிட்ட மருத்துவர்களும் இருந்தனர். எந்த நோயாளி மாத்திரை விழுங்க வேண்டும், எவர் தம் மஜ்ஜையை அழித்துக்கொள்ள வேண்டும் என்பதை நோயின் இயல்பு மட்டுமன்றி விலைச்சீட்டும் தீர்மானித்தது. இதை நினைக்கும்தோறும் மனம் கசக்கிறது.

இதற்குரிய திருப்பம் நிகழ்ந்த இடம் சென்னை. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குத் தயாரித்தன. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2006 ஜனவரியில் அவ்வலுவலகம் அதனை நிராகரித்தது. முன்பே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய படிக வடிவம் என்பதற்காக மட்டும் காப்புரிமை தர இயலாது. பலன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் முதல் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: அதே நிறுவனம் பல்லாயிரம் ஏழை நோயாளிகளுக்கு மேக்ஸ் அறக்கட்டளை வாயிலாக மருந்தை இலவசமாகவும் வழங்கி வந்தது. மலேசியாவிலும் சுகாதார அமைச்சும் நிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்ட உதவித் திட்டம் ஒன்று அவ்வறக்கட்டளையின் பொறுப்பில் நடைபெற்றது. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கும் இம்மாத்திரை எட்டியதற்கு அது ஒரு காரணம்.

மாற்று இன்று முற்றிலும் மறைந்துவிட்டதா? இல்லை. சில நோயாளிகளின் புரதம் உருமாறி மருந்தை உதறிவிடுகிறது. அவர்களுக்காக 2006-இல் தசாட்டினிப், 2007-இல் நிலோட்டினிப், 2012-இல் பொனாட்டினிப், 2021-இல் அசிமினிப் என மருந்துகள் வந்தபடியே உள்ளன. இவற்றுள் பல பலனளிக்காதபோதும், நோய் முற்றிய கட்டத்திற்குப் பாய்ந்தபோதும் மருத்துவர்கள் மீண்டும் மஜ்ஜை மாற்றையே நாடுகின்றனர். லிம்ஃபோசைட் வகையிலும் கதை இதேதான், சற்றுத் தாமதமாக. 2007-இல் ஐரோப்பிய வல்லுநர்கள் கடினமான மரபணுக் குறையுள்ள நோயாளிகளுக்கு மாற்றைப் பரிந்துரைத்தனர். 2014-இல் இப்ருட்டினிப்பும் 2016-இல் வெனிட்டோகிளாக்ஸும் வந்தபின் அங்கும் அது பின்வரிசைக்குச் சென்றது.

மாத்திரையால் நலமாக இருப்பவர்களிடம் வேறோர் ஆபத்து தலைகாட்டுகிறது. உடம்பு நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்கு மருந்து என்று தாமாகவே நிறுத்திவிடுவது. 2010-இல் பிரான்சில் ஃபிரான்சுவா-சேவியர் மஹோன் நடத்திய ஆய்வில், நோயின் சுவடே இரண்டாண்டுகளுக்கு மேல் தென்படாத 100 பேர் மருந்தை நிறுத்தினர். அவர்களுள் நாற்பது பேரளவில் ஓராண்டுக்குப் பின்னும் நோயின்றி இருந்தனர். செய்தியின் பிற்பாதியை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள்: மற்றவர்களுக்கு நோய் திரும்பியது. அடிக்கடி நுண்ணிய இரத்தச் சோதனை செய்ததால் உடனே கண்டறிந்து மீண்டும் மருந்து தொடங்க முடிந்தது. சோதனையின்றிக் கைவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இராது. நோய் முற்றிய பின் அவர் முன் நிற்பது, 1990-களின் நோயாளி அஞ்சிய அதே மஜ்ஜை மாற்றுதான். அதுவும் வெற்றி வாய்ப்புக் குறைந்த நேரத்தில்.

இளம் பெற்றோர் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு பற்றிக் கேட்பதுண்டு. 1988-இல் பாரிசில் எலியான் குளுக்மன் தலைமையில் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு முதல் மாற்று நடந்தது உண்மை. ஆனால் அது தங்கையின் கொடி இரத்தம், அண்ணனுக்கு ஏற்றப்பட்டது. தன் சொந்தக் கொடி இரத்தத்தால் பிற்காலத்தில் தன் இரத்தப் புற்றுநோயைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிப் பணம் கட்டுவது எனக்கு உடன்பாடன்று. புற்றுநோயின் வித்து அதிலேயே இருக்கக்கூடும். மேலும், மேலே கண்ட அந்நியத் தற்காப்புப் படையின் பயன் தன் இரத்தத்தில் கிடைக்காது.

உடன்பிறப்பு பொருந்தாதபோது மிஞ்சுவது பதிவேடு. அடையாளத் தொகுதிகள் பரம்பரை வழி வருபவை. தமிழருக்குப் பொருந்துபவர் தமிழரிடையே, அல்லது இந்திய வம்சாவளியினரிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். உலகப் பதிவேடுகளில் இருப்போர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அமெரிக்கப் பதிவேட்டைக் கொண்டு 2014-இல் வெளியான கணக்கீட்டில், வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு. தெற்காசியருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2009-இல் சென்னையில் ‘தாத்ரி’ பதிவேடு தொடங்கப்பட்டதன் பின்னணி இதுவே. நம் நாட்டில் இந்தியர் ஏறக்குறைய ஏழு விழுக்காடு மட்டுமே என்பதால், தேசியப் பதிவேட்டில் நமக்குப் பொருந்துவோரின் தொகை இயல்பாகவே சிறிது. பாதிப் பொருத்தமுள்ள தாய் தந்தையரிடமிருந்தே மஜ்ஜை பெறும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்துள்ளது, முற்றிலும் அன்று.

பதிவு செய்யத் தயங்குவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம், முதுகெலும்பில் ஊசி குத்துவார்கள் என்பது. முதுகெலும்பை எவரும் தொடுவதில்லை. மஜ்ஜை எடுப்பதானால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுப்பர். 1990-களுக்குப் பிறகு பெரும்பாலான கொடையாளர்கள் அதுவும் செய்வதில்லை. நான்கைந்து நாள் ஊசிமருந்து போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்திற்குள் வரவழைத்து, ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, கருவியில் குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை மறு கையின் வழியே திருப்பி ஏற்றிவிடுவர். சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். எலும்பில் சில நாள் வலி இருக்கும். பதிவேட்டில் பெயர் சேர்க்கும் நாளிலோ, சிறிதளவு இரத்தமோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சோ போதுமானது.